கார்டு வாங்கலைன்னா கடைக்காரர் திருடரா?

டவுன்ல இருந்து ஊருக்கு வர்ற சொந்தபந்தங்க இப்ப அடிக்கடி சொல்ற பேச்சு இது: "இந்தக் காலத்துலயும் கிரெடிட் கார்டு வாங்க மாட்டேங்கிறாங்க. எல்லாம் வரி ஏய்க்கத்தான்." எங்க ஊர் மளிகைக் கடையைப் பார்த்துச் சொல்றாங்க. செக்கு எண்ணெய் விக்கிற என்னையும் சேர்த்துத்தான் சொல்றாங்க. அதனால பதில் சொல்லியாகணும்.

அந்தக் கடை வாசல்ல கியூஆர் அட்டை ஒட்டியிருக்கு. அதுல விழுற ஒவ்வொரு ரூபாயும் பேங்க்ல பதிவாகுது. வரி ஏய்க்கிறவர் அதை ஏனுங்க ஒட்டுறாரு? பேங்க் கணக்கிலிருந்து நேரா வர்ற யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரர்கிட்ட கட்டணம் பிடிக்கிறதில்லை. அதனால வாங்குறார். கிரெடிட் கார்டு கதை வேற.

கார்டைத் தேய்ச்சா 100 ரூபாய்க்கு சுமார் 2 ரூபாயை பேங்கும் கார்டு கம்பெனியும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் கடைக்குக் கொடுக்கும். மெஷினுக்கு மாச வாடகை தனி. "ரெண்டு ரூபாதானே"ன்னு சொல்லாதீங்க. சர்க்கரை, பருப்புல 100 ரூபாய்க்கு 5 ரூபாய் நின்னாலே பெரிசு. அஞ்சுல ரெண்டு போனா லாபத்துல 40 சதவீதம் போச்சு.

சரி, அந்த ரெண்டு ரூபா எங்க போகுது? அதுல ஒரு பங்குதான் உங்களுக்கு ரிவார்டு பாயிண்டாவும் கேஷ்பேக்காவும் திரும்பி வருது. கடைக்காரர் அதைக் கார்டு கொடுக்கிறவர்கிட்ட மட்டும் தனியா வாங்க முடியாது, பேங்க் ஒப்பந்தம் விடாது. அப்ப எல்லாருக்கும் விலையை ஏத்தணும். நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து கால் லிட்டர் எண்ணெய் வாங்குற அம்மாவும் அந்த விலையைத்தான் கொடுக்கணும். அவங்களுக்கு எந்த பேங்கும் கிரெடிட் கார்டு தரப்போறதில்லை. அவங்க கூலிக்காசுல நீங்க ஏர்போர்ட் லவுஞ்சுல சாப்பிடணுமா? எனக்குக் கோபம் வர்றது இங்கதான்.

"மக்களுக்குக் கடன் வசதி வேணும்ல"ன்னு கேப்பீங்க. கடன் எங்களுக்குப் புதுசா? மஞ்சள் ஒன்பது, பத்து மாசப் பயிர். வெட்டி, வேகவெச்சு, காயவெச்சு வித்தாத்தான் காசு. அதுவரைக்கும் பல வீட்டுல அடுப்பு எரியறது மளிகைக் கடை நோட்டுக் கணக்குலதான். கடைக்காரர் தர்மத்துக்குச் செய்யலை, அவருக்கும் ஆதாயம் இருக்கு. சில சாமான் டவுனை விட ஒரு ரூபா கூடத்தான். ஆனா மழை பொய்ச்சா, "அடுத்த வெள்ளாமையில பார்த்துக்கலாம்"னு சொல்ல அவர் இருக்கார். கார்டு பாக்கியில தவணை தாண்டுனா மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேலயே வட்டி ஓடும். கடைக்காரர் கைல நிக்கிற காசுலதான் எங்க நோட்டுக் கடன் நடக்குது. அது குறைஞ்சா முதல்ல நிக்கிறதும் அதுதான்.

எல்லாக் கடைக்கும் கார்டு கூடாதுன்னு நான் சொல்லலை. 30,000 ரூபாய்க்கு மோட்டார் விக்கிறவர், வியாபாரம் கைவிட்டுப் போகக்கூடாதுன்னு வாங்கினா அது அவர் கணக்கு. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில இணைச்சுக் கொடுத்தா சின்னக் கடைக்கு 2,000 ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லைங்கிறாங்க. அதை வாங்கட்டும், நல்லதுதான். ஆனா கார்டு மெஷின் வைக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது கல்லாவுல உக்காந்திருக்கிறவர். சாமான் வாங்க வந்தவங்க இல்லை.

அடுத்த தடவை ஊருக்கு வந்தா பேங்க் கணக்கிலிருந்து யுபிஐல கொடுங்க, இல்லைன்னா ரொக்கமாக் கொடுங்க. ரெண்டையும் எங்க கடைக்காரர் மறுக்க மாட்டார். உங்களுக்குப் போறது நாலு பாயிண்ட். அதுக்காக ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டுப் போகாதீங்க.