சுடாத மண்ணுக்குக் கலை என்று பெயரா?



நம் தமிழ்ப்பள்ளிக் கலைப் பாடத்தில் உருவம் சமைத்தலும் உண்டு. மரபுக் கைவினையும் உண்டு. இவற்றை நாம் எப்படி நடத்துகிறோம்? வண்ண வண்ணப் பிளாஸ்டிசின் கட்டிகளை மேசைதோறும் பகிர்ந்தளிக்கிறோம். மாணவர் யானை செய்வர். நாம் படம் பிடிப்போம். மணியடித்ததும் யானையை உருட்டிப் பெட்டிக்குள் போடுவோம். பாடம் முடிந்தது! எண்ணெய் கலந்த அப்பொருள் காயவும் காயாது, தீயிலிட்டால் உருகிவிடும். அதைக் களிமண் கலை என்று சொல்வது மாணவரை ஏமாற்றுவதாகும் என்பேன்.

கீழடிப் பானை ஓடுகளில் தமிழி எழுத்து கிடைத்ததை மேடைதோறும் முழங்குகிறோம். அந்த ஓடு எப்படி நிலைத்தது? யாரோ ஒருவர் மண்ணைத் தேர்ந்து, பிசைந்து, காயவைத்து, முறையாகச் சுட்டார். சுடாத மண் மழையில் கரைந்திருக்கும். அந்த அறிவைக் கற்பிக்காமல் ஓட்டை மட்டும் போற்றுவது என்ன நியாயம்?

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி செய்த யானை சூளையில் வெடித்துச் சிதறியது. “நீ சரியாகப் பிசையவில்லை; உள்ளே காற்றுக்குமிழி” என்று வகுப்பின் முன்னிலையில் சொல்லிவிட்டேன். அது பொய். மண்ணுக்குள் எஞ்சிய ஈரம் நீராவியாகிப் புறப்பட வழியின்றி வெடித்ததே உண்மை. கண்காட்சிக்கு நாள் நெருங்கியதென்று நான்கே நாளில் சூளைக்கு அனுப்பியவன் நான்! பழியைச் சுமந்தவள் பத்து வயதுச் சிறுமி. கற்பிப்பவன் அறியாவிட்டால் தண்டனை மாணவருக்கு என்பதை அன்று உணர்ந்தேன்.

அப்படியானால் அறிய வேண்டியது என்ன? கையால் உருவம் சமைக்க ஸ்டோன்வேர் எனப்படும் உயர்வெப்பக் களிமண் ஏற்றது. வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சுட்ட மண்ணைப் பொடித்த குருணை கலந்துள்ளதா? எத்தனை பாகை வெப்பத்தில் சுட வேண்டும்? எவ்வளவு சுருங்கும்? குருணை கலந்த மண் குறைவாகச் சுருங்கும். உள்ளீரம் வெளியேற வழிவிடும். புதுக்கோட்டை வட்டார வேளார்கள் ஐயனார் குதிரைக்கு மண்ணோடு மணலும் உமியும் கலப்பதும், வயிற்றைக் கூடாக விடுவதும் இதே அறிவுதான்.

உருவத்தின் கனம் ஒன்றரை செண்டிமீட்டரைத் தாண்ட வேண்டா. பருத்த உடலைக் குடைந்து, கீழே சிறு துளையிடுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் இரண்டு வாரமாவது நெகிழித்தாள் போர்த்தி மெல்லக் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; குளிர்ந்தால் இன்னும் ஈரம் உள்ளது. சூளையில் 100 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநேரம் நிறுத்தி, பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும். 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் சட்டென்று விரியும். அங்கும் அவசரம் கூடாது. முதற்சூடு 1000 பாகையளவில் முடியும். ஸ்டோன்வேர் கல்போல் இறுகுவதற்கு 1200 பாகைக்கு மேல் தேவை. அதற்குள் உருவம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கும். தாழ்வெப்ப மண்ணை அச்சூட்டில் வைத்தால் உருகிச் சூளைத் தட்டையே கெடுத்துவிடும்.

இதில் அறிவியல் இல்லையா? கணிதம் இல்லையா? பொறுமை இல்லையா?

“தேர்வுக்கு நேரமில்லை” என்பர். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கும் போயிற்று. “பள்ளியில் சூளை இல்லை” என்பர். கட்டணம் பெற்றுச் சுட்டுத் தரும் மட்பாண்டக் கூடங்கள் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பினாலும் போதும். “சீருடை அழுக்காகும்” என்பர் பெற்றோர். ஆகட்டுமே! துவைத்தால் போகும். உண்மையில் கவனிக்க வேண்டியது உலர்ந்த மண்ணின் நுண்தூசியைத்தான். அது நுரையீரலுக்குக் கேடு. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது.

பேராக்கின் சாயோங் சிற்றூரில் மலாய்க் கைவினைஞர்கள் சுட்ட சுரைக்குடத்தைச் சூடாறுமுன் உமியில் புதைத்துக் கருமையேற்றும் கலையைக் காத்து வருகின்றனர். நாமோ பொங்கலுக்குப் பானை வாங்குவதோடு நின்றுவிடுகிறோம்.

தீ முகம் பார்த்துப் புள்ளி போடாது. ஒழுங்காகச் செய்ததை நிலைக்க வைக்கும். அவசரப்பட்டதை உடைத்துக் காட்டும். இப்படி நேர்மையான ஓர் ஆசிரியரை நம் பிள்ளைகளுக்கு ஏன் மறுக்கிறோம்?

சிந்திப்போம்! அடுத்த தவணையிலேயே ஒரு பை மண்ணோடு தொடங்குவோம்!