வரம்புக்கு வெளியே நின்ற 22 நாட்கள்

“வெற்றிக் களிப்பில் பையன்கள் சற்றுத் துள்ளிவிட்டார்கள், இதைப் பெரிதுபடுத்தாதீர்கள்.”

இலங்கையில் தேர்தல் முடிந்த மறுநாள், வென்ற கட்சியின் அமைப்பாளரிடம் சென்று முறையிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவந்த விடை இதுதான். சொல்பவரின் கட்சி மாறும். கையிலுள்ள கொடியின் நிறம் மாறும். வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. கல்லெறிந்தவனைக் கண்டித்து எழுதியோர் பலர். நான் கண்டிக்கப் புகுவது அவனையன்று, இந்த வாக்கியத்தை. எறிந்த கல்லினும் கொடியது இதுவே என்பது என் துணிபு.

எங்கள் தெரு மலைநாட்டில், கண்டிக்கு அண்மையில் உள்ளது. 1977 இல் அங்கே இரண்டு திண்ணைகள் இருந்தன. ஒன்று, ஏழாண்டுகள் கல்வி அமைச்சராயிருந்த பதியுத்தீன் மஹ்மூதின் புகழ் பாடும் திண்ணை. மற்றையது, அத்தேர்தலுக்குப் பின் வெளிநாட்டமைச்சரான ஏ. ஸீ. எஸ். ஹமீதின் திண்ணை. முன்னதற்குச் சின்னம் கை, பின்னதற்கு யானை. மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் இரண்டும் வெறிச்சோடும். கையும் யானையும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, மீண்டும் தத்தம் திண்ணைக்குத் திரும்பும். வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை, ஆனால் அது வாயோடு நின்ற சண்டை. சிறுவர்களாயிருந்த எங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

ஜூலை 21 ஆம் நாள் வாக்களிப்பு. இரவு முழுவதும் வானொலி முடிவுகளை அறிவித்தது. 168 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. சிறிமாவோ அம்மையாரின் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. மறுநாள் பச்சைக்கொடி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. கைச்சின்னத்துக்காக உழைத்த ஒரு நானாவின் தேநீர்க்கடை முன் அது நின்றது. விசுக்கோத்துப் போத்தல்கள் உடைந்தன. வாங்குகள் வீதிக்கு வந்தன. பெயர்ப்பலகை சாக்கடைக்குள் போயிற்று. ஆயினும் அக்கூட்டம் முதன்முதலாகத் தேடி எடுத்துத் தீயிட்டது எதை என்பதை நான் மறக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்த கடன் கொப்பியை! கொள்கைப் பற்றினால் கொதித்தெழுந்த கூட்டம் என்று இதனை வருணிப்போர், அந்தக் கொப்பியில் யாருடைய பெயர்கள் இருந்தன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவர் துணிந்து அமைப்பாளரின் வீட்டுக்குச் சென்றார். அமைப்பாளர் தீயவரல்லர், தொழுகையாளி, தர்மம் செய்பவர், ஊருக்கு நல்லவர். அவர் நம்பிக்கையாளரை அமரச் செய்து, தேநீர் கொடுத்து, மேற்சொன்ன வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார். தேநீர்க்கடை நானா குடும்பத்தோடு மனைவியின் ஊருக்குச் சென்றுவிட்டார். நோன்புப் பெருநாளை அண்டித்தான் திரும்பி வந்தார்.

எங்கள் தெருவில் நடந்தது சிறிய நிகழ்ச்சி. அந்த ஜூலையின் இறுதி நாட்களில் நாட்டின் பல பாகங்களிலும், குறிப்பாகச் சிங்கள ஊர்களில், தோற்ற கட்சியின் ஆதரவாளர்கள் அடிபட்டார்கள், வீடு துறந்து ஓடினார்கள், உடைமை இழந்தார்கள். சிங்களவர் சிங்களவரை அடித்தனர். முஸ்லிம் முஸ்லிமின் கடையை உடைத்தான். இதில் இனமில்லை, மதமில்லை, மொழியில்லை. பின்னர் ஆகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பொலிஸாரோடு மூண்ட மோதலையடுத்து வன்செயல் திசை திரும்பியது. அனுராதபுரம், குருநாகல், மாத்தளை, மலையகத் தோட்டங்கள், தலைநகர் என எங்கும் தமிழ் மக்கள்மீது அது பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பல்லாயிரவர் அகதிகளாயினர். அதனை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் எம். சி. சன்சோனி தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. 1980 இல் அதன் அறிக்கை வெளிவந்தது.

வாசகர்கள் அவ்வாணைக்குழுவுக்கு விதிக்கப்பட்ட கால வரம்பைக் கவனிக்கவேண்டும். 1977 ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 15 வரை நடந்தவற்றையே அது ஆராயவேண்டுமென்பது ஆணை. அப்படியாயின், முடிவுகள் வெளிவந்த ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 12 வரையிலான 22 நாட்கள்? அவை வரம்புக்கு வெளியே நின்றன. வென்ற கட்சியின் தொண்டர் தோற்ற கட்சியின் தொண்டருக்குச் செய்தவை அந்த விசாரணைக்கு உரியனவாகக் கருதப்படவில்லை. அமைப்பாளர் வாயால் சொன்னதை அரசாங்கம் வர்த்தமானியால் சொன்னது, அவ்வளவுதான் வேற்றுமை.

ஜூலையில் அண்டை வீட்டின் கதவை உடைத்தவனும் ஆகஸ்டில் தமிழனின் வீட்டுக்குத் தீவைத்தவனும் ஒரே ஆள்தான் என்று நான் சொல்லவில்லை. அதை நிறுவும் சான்று என்னிடம் இல்லை. ஆனால் இருவரும் கற்ற பாடம் ஒன்று. அடிக்கலாம்; உடைக்கலாம்; கேட்பாரில்லை. மூன்று வாரமாகக் கேட்பாரற்ற ஒரு நாட்டில், நான்காவது வாரம் யாரை அடிப்பது என்பது மட்டுமே எஞ்சியிருந்த கேள்வி. 1982 இல் பாராளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1977 ஆகஸ்ட் மாதத்தில் அமைதியை நிலைநாட்டும் பெயரால் அமைச்சர்களும் அரச ஊழியர்களும் செய்தவற்றுக்கு அவர்களைப் பொறுப்பிலிருந்து காக்கும் சட்டமொன்றை, அவ்வாண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேற்றியது. 1988 இல் ஒரு திருத்தத்தின் மூலம் அக்காப்பு அவ்வாண்டு டிசம்பர் 16 வரை நீட்டப்பட்டது. ஒரு மாதத்துக்கென்று தைத்த குடை பதினோராண்டுகளுக்கு மேல் விரிந்தது. இடையில் 1983 வந்து போனதை நான் நினைவூட்டத் தேவையில்லை.

“பச்சைக் கட்சியை மட்டும் சாடுகிறாரே, இவர் நீலமோ?” என்று கேட்கும் அன்பர் ஒருவர் எங்கும் இருப்பார். அவருக்காக ஏழாண்டுகள் பின்னே செல்வோம். 1970 மே தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 சதவீத வாக்குகளைப் பெற்றது. சுதந்திரக் கட்சி பெற்றதைவிட அது ஒரு சதவீதம் அதிகம். ஆனால் 151 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 17. இடதுசாரிகளோடு கூட்டணி அமைத்த சுதந்திரக் கட்சிதான் ஆட்சி ஏறியது. அப்போது அடிபட்டவன் பச்சை. இடமாற்றம் பெற்றுத் தொலைதூரப் பாடசாலைக்கு மூட்டை கட்டிய ஆசிரியர் பச்சை. வேலை இழந்தவரும் பச்சை. “பையன்கள்” என்ற சொல் அன்று நீலச் சட்டை அணிந்திருந்தது. 1977 இல் எங்கள் தெருவுக்குள் வந்த ஊர்வலத்தில், 1970 இன் கணக்கைத் தீர்க்க வந்தவர்களும் இருந்திருக்கவேண்டும். அவர்களுடைய முறையீட்டையும் எவரும் கேட்கவில்லை அல்லவா?

“நம் மக்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள்” என்று இதற்கு விளக்கம் சொல்லும் கனவான்களைக் கண்டால் எனக்குச் சினம் மூள்கிறது. இது உணர்ச்சியன்று ஐயா, கணக்கு! எங்கள் நாட்டில் வாக்கு என்பது வெறும் கருத்தாக இருந்ததில்லை. அது கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளர் பதவி. பஸ் டிப்போவில் ஒரு நடத்துநர் வேலை. மதகு கட்டும் ஒப்பந்தம். மகளின் ஆசிரிய நியமனம். 1977 இன் பின் வேலைவாய்ப்பு வங்கி என்ற பெயரில், வேலைக்கான விண்ணப்பப் படிவங்களையே பாராளுமன்ற உறுப்பினரின் கையால் வழங்கும் முறை வந்தது. படிவம் வேண்டுமா? உறுப்பினரின் வாசலுக்குப் போ. வாசலில் உன்னை யார் அறிவார்? ஊர்வலத்தில் முன்னே நின்றவனை அறிவார்கள். ஆகவே, கல்லெறிந்தவன் தன் விண்ணப்பத்தை அன்றைக்கே எழுதிவிட்டான். தோற்றவனின் பற்றை அழித்தால்தான் தன் பற்று ஏறும் என்பதை அவன் நன்கறிந்திருந்தான். “அரசியற் பழிவாங்கல்” என்பது எங்கள் அரச அலுவலகங்களில் ஒரு கோப்பின் தலைப்பாகவே வழங்கும் சொல். ஆட்சி மாறும்போதெல்லாம் பழிவாங்கப்பட்டோருக்கு நிவாரணம் வழங்கக் குழுக்கள் அமையும். அதே வேளையில் அடுத்த ஆட்சியின் குழுவுக்கு வேண்டிய ஆட்களும் தயாராகிக்கொண்டிருப்பார்கள்.

இது கொள்கைப் பகையன்று என்பதற்கு மறுக்கவியலாத சான்றொன்று உண்டு. 1978 இன் யாப்பு விகிதாசாரத் தேர்தலைக் கொண்டுவந்தது. அதனோடு விருப்பு வாக்கும் சேர்ந்துகொண்டது. ஒரே கட்சியின் வேட்பாளர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடவேண்டிய நிலை பிறந்தது. உடனே நாம் கண்டதென்ன? ஒரே கொடியைப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் தாக்கினர். ஒரே சின்னத்தைத் தாங்கிய சுவரொட்டியை அதே சின்னத்தார் கிழித்தனர். 2011 அக்டோபர் 8 இல், உள்ளூராட்சித் தேர்தல் நாளன்று, கொழும்புக்கு அண்மையில் முல்லேரியாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். மோதிய இரு தரப்பாரும் ஆளுங்கட்சியினரே. குற்றவாளியெனக் காணப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்ட அரசியல்வாதிக்கு 2021 இல் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 1977 இல் அமைப்பாளர் சொன்ன வாக்கியத்தின் வயது முதிர்ந்த வடிவமே அந்த மன்னிப்பு என்பேன். நல்ல வேளையாக, இம்முறை அதைக் கேட்டுக்கொண்டு சும்மாயிருக்க நீதிமன்றம் மறுத்தது.

தொண்டன் இப்படி வெட்டுப்பட்டுக் கிடக்கையில் தலைவர்கள் என்ன செய்தார்கள்? வாசலைத் தாண்டினார்கள். 1964 டிசம்பரில் சி. பி. டி சில்வா பதின்மூவரோடு சுதந்திரக் கட்சி ஆசனங்களிலிருந்து எழுந்து மறுபக்கம் சென்றார். ஒரே வாக்கால் அரசாங்கம் தோற்றது. அடுத்த ஆண்டு அவர் ஐக்கிய தேசியக் கட்சி அரசில் அமைச்சர். 2007 ஜனவரியில் ஐக்கிய தேசியக் கட்சியினர் பதினைவருக்கு மேற்பட்டோர் மஹிந்த ராஜபக்ஷவின் அரசில் இணைந்தனர். நம் முஸ்லிம் காங்கிரஸும் அதே வாசலால் நுழைந்தது, அவ்வாண்டு முடியுமுன் வெளியேறியும் விட்டது. 2015 இல் சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்தவரைப் பச்சைக் கட்சி தோளில் சுமந்து ஜனாதிபதியாக்கியது. 2022 ஜூலை 20 இல் நடந்தது இவை எல்லாவற்றுக்கும் சிகரம். பாராளுமன்றத்தில் ஒரே ஆசனம் கொண்டிருந்த யானைக் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்ஹ 134 வாக்குகளால் ஜனாதிபதியாகத் தெரிவானார். அவ்வாக்குகளிற் பெரும்பாலானவை நீலத்திலிருந்து கிளைத்த மொட்டுக் கட்சியின் வாக்குகள். கட்சி மாறுவதே குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு வழக்கு. ஒன்று கேட்கிறேன்: இவர்கள் இத்தனை எளிதில் தாண்டிய கோட்டுக்காகத்தானே எங்கள் தெருவில் மாமனும் மச்சானும் பதினோராண்டுகள் ஸலாம் சொல்லாமல் இருந்தார்கள்?

நம் சமுதாயத்துக்கென்று தனிக்கட்சி வந்தால் இப்பகை ஒழியும் என்று எண்பதுகளில் நம்பியவர்களில் நானும் ஒருவன். மரச்சின்னம் வந்தது. கிழக்கிலங்கையில் அது வேரூன்றியது. தலைவர் அஷ்ரஃப் 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபின் மரம் பிளந்தது. பிளவுகள் தனித்தனிக் கட்சிகளாயின. அதன்பின் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் தேர்தல் காலத்தில் சென்று பார்த்தவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. நிறம் ஒன்றானாலும், மார்க்கம் ஒன்றானாலும், பங்கீடு நடக்கும் வாசல் ஒன்றாக இருக்கும்வரை அங்கே நெரிசல் இருக்கத்தான் செய்யும். 2001 டிசம்பர் 5, தேர்தல் நாளன்று கண்டிக்கு அருகே உடத்தலவின்னையில் முஸ்லிம் காங்கிரஸ் ஆதரவாளரான பத்து இளைஞர்கள் கொல்லப்பட்டனர். அப்பதின்மரின் பெயரால் எத்தனை மேடைகள் கண்ணீர் வடித்தன! தேர்தல் வன்செயலில் ஈடுபட்டவனுக்குப் பதவியோ வேட்புமனுவோ கொடோம் என்று அம்மேடைகளில் ஒன்றேனும் உறுதி கூறியதாக எனக்கு நினைவில்லை.

இயலாத காரியத்தை நான் கேட்கவில்லை. 2024 செப்டம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அன்றிரவு முன்னெச்சரிக்கையாக ஊரடங்குச் சட்டம் பிறப்பித்தார்கள். இரு பெருங்கட்சிகளும் அல்லாத ஒருவர் வென்றார். நவம்பரில் அவருடைய அணி 225 இல் 159 இடங்களைப் பிடித்தது. 1977 ஐ ஒத்த வெற்றி. ஆனால் 1977 ஐ ஒத்த ஜூலை அதன்பின் வரவில்லை. உணர்ச்சிவசப்படுபவர்கள் என்று இகழப்பட்ட அதே மக்கள்தாமே இவர்கள்? துள்ளுவதற்கு மேலிருந்து உத்தரவு வராதபோது பையன்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இவ்வணியும் நாளை வேலைப் படிவங்களைத் தன் வாசலில் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் பிணை நிற்கமாட்டேன்.

அரசாங்கம் அந்த 22 நாட்களை இனி விசாரிக்கப் போவதில்லை. நாம் எழுதி வைக்கலாம். 1970 இல் அடிபட்ட பச்சையையும் 1977 இல் அடிபட்ட நீலத்தையும் ஒரே ஏட்டில் எழுதலாம். கண்டவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது; நாள் அதிகமில்லை. அமைப்பாளரின் பிள்ளைகள் மனம் நோவார்கள் என்று நண்பர் ஒருவர் தடுத்தார். நோகட்டும்; தேநீர்க்கடை நானாவின் பிள்ளைகளும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். சென்ற மாதம் பள்ளிவாசல் முன்றலில் இரு திண்ணைகளிலும் எஞ்சியிருந்த முதியவர்களை ஒன்றாக அமர்த்திக் கேட்டு எழுதத் தொடங்கினேன். எங்கள் தெருவின் பட்டியலில் இதுவரை சேர்ந்தவை: 1970 இல் ஓர் ஆசிரியரின் இடமாற்றம், தீவைக்கப்பட்ட ஒரு லொறி; 1977 இல் நான்கு கடைகள், ஒரு தையல் இயந்திரம், ஒரு கடன் கொப்பி. கொப்பியில் தம் பெயரும் இருந்ததென்று ஒருவர் தாமாகவே சொன்னார். தொகை எவ்வளவென்று மட்டும் அவருக்கு நினைவில்லையாம்.