இரண்டு குழந்தைகள், 160 பேர், ஒரு காடு: இவ்வளவு தேடியும் ஏன் கிடைக்கவில்லை?

கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது நோவா ஸ்கோஷியா மாகாணம். அங்கே பிக்டோ கவுண்டியில் லான்ஸ்டவுன் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர். ஊர் என்றதும் தெரு, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று கற்பனை செய்ய வேண்டாம். சாலையோரம் தள்ளித் தள்ளிச் சில வீடுகள். பின்வாசலைத் தாண்டினால் காடு. 2025 மே 2, வெள்ளிக்கிழமை காலை 10 மணியளவில் அப்படி ஒரு வீட்டிலிருந்து அவசர உதவி எண் 911-க்கு அழைப்பு போனது. 6 வயது அக்காவையும் 4 வயது தம்பியையும் காணவில்லை.

பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே போய் எங்கோ வழி தவறிவிட்டார்கள் என்பதுதான் முதல் தகவல். அடுத்த சில நாள்களில் பயிற்சி பெற்ற தேடுதல் தன்னார்வலர்கள் 160 பேர் வரை காட்டில் இறங்கினார்கள். ஹெலிகாப்டர், மோப்ப நாய்கள், உடல் வெப்பத்தைப் படம்பிடிக்கும் ட்ரோன்கள் என எல்லாம் வந்தன. சுமார் 8.5 சதுர கிலோமீட்டர் சல்லடை போடப்பட்டது. மே 7 அன்று, குழந்தைகள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லி, கனடாவின் மத்தியக் காவல்துறையான ஆர்.சி.எம்.பி. தேடலைக் குறைத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் சில முறை காட்டுக்குள் போனார்கள். ஜூனில் மாகாண அரசு, துப்புக் கொடுப்பவருக்கு 1,50,000 கனடிய டாலர் வரை பரிசு அறிவித்தது. செப்டம்பர், அக்டோபரில் மனித உடல் எச்சங்களை மோப்பம் பிடிக்கும் நாய்கள் சுமார் 40 கிலோமீட்டர் நடந்து தேடின. எதுவும் கிடைக்கவில்லை.

இந்தச் செய்தியைப் படித்த எல்லாருக்கும் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை பேர், இத்தனை மெஷின் வச்சுத் தேடியும் கிடைக்கலைன்னா, அவங்க அங்க இல்லவே இல்லைன்னுதானே அர்த்தம்?" இந்தக் கேள்வியிலிருந்துதான் அத்தனை யூடியூப் வீடியோக்களும் கிளம்புகின்றன. பாதி நியாயமான கேள்விதான். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

முதல் மணி நேரத்தில் என்ன நடக்கும்?

கிராமத்து வீட்டிலிருந்து சின்னக் குழந்தை காணாமல் போனால், தேடுதல் குழுக்கள் முதலில் பார்ப்பது காட்டை அல்ல, வீட்டைத்தான். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், பழைய ஃப்ரிட்ஜில், கார் டிக்கியில், கொட்டகையில், கிணற்றில், கழிவுநீர்த் தொட்டியில். பெற்றோர் பார்த்துவிட்டதாகச் சொன்ன இடத்தையும் மறுபடி பார்ப்பார்கள். பதற்றத்தில் தேடும் கண்ணுக்கு எதிரில் இருப்பதே தெரியாது.

அடுத்து, குழந்தையைக் கடைசியாகப் பார்த்த இடம் எது, நேரம் என்ன என்பது. இதை மையமாக வைத்துத்தான் வரைபடத்தில் வட்டம் போடுவார்கள். 4 வயதுக் குழந்தை ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய தூரம் ஒரு வட்டம் என்றால், ஐந்து மணி நேரத்தில் போகக்கூடியது அதைவிடப் பல மடங்கு பெரிய வட்டம். தூரம் இரு மடங்கானால் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இப்படித்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நோவா ஸ்கோஷியா வழக்கில் இந்த மையப் புள்ளியே உறுதியாக இல்லை. குழந்தைகள் குடும்பத்தினரோடு பொது இடத்தில் காணப்பட்டது முந்தைய நாள், மே 1 பிற்பகலில் என்பதைத்தான் காவல்துறையால் உறுதிசெய்ய முடிந்தது. அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை உள்ளதெல்லாம் வீட்டார் சொன்ன விவரங்கள். அவை பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை, அவ்வளவுதான். ஆனால் வரைபடத்தில் வட்டம் போடுகிறவருக்கு இது பெரிய தலைவலி.

கூப்பிட்டால் பதில் சொல்லாத குழந்தை

பெரியவர் ஒருவர் காட்டில் வழி தவறினால் கத்துவார், உயரமான இடத்துக்கு ஏறுவார், சாலையைத் தேடுவார். சின்னக் குழந்தை இதில் எதையும் செய்யாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தான் தொலைந்துவிட்டோம் என்பதே புரியாது. நான்கிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்களுக்குப் புரியும், ஆனால் பயந்துபோய்ப் புதருக்குள், விழுந்த மரத்தின் அடியில் ஒடுங்கிக்கொள்வார்கள். தேடுபவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. தெரியாதவர்களிடம் பேசாதே என்று வீட்டில் சொல்லித்தானே வளர்த்திருக்கிறோம்? தலையில் ஹெல்மெட், கையில் டார்ச், பளபளக்கும் ஜாக்கெட்டோடு வரும் அந்நியரைப் பார்த்தால் குழந்தை மேலும் உள்ளேதான் ஒளியும்.

1981-ல் கலிஃபோர்னியாவின் பலோமார் மலையில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறி இறந்த பிறகு, அந்தத் தேடலில் இருந்தவர்கள் 'ஹக்-எ-ட்ரீ' என்ற பாடத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். வழி தவறியது தெரிந்த உடனே பக்கத்தில் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, உன்னைத் தேடுகிறவர்கள் உன் நண்பர்கள், அம்மா அப்பா திட்ட மாட்டார்கள். இவ்வளவுதான் பாடம். கடைசி வரிதான் மிக முக்கியம். திட்டு விழும் என்ற பயத்திலேயே ஒளிந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. கனடாவிலும் இந்தப் பாடம் நடத்தப்படுகிறது.

இதோடு நிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் நோவா ஸ்கோஷியாவை ஃபியோனா புயல் தாக்கியபோது சாய்ந்த மரங்கள் இன்னும் அப்படியே குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. மரக்கிளைகள் அடர்ந்த இடத்தில் வெப்பக் கேமராவின் பார்வை தரைக்கு எட்டாது. அங்கே மே மாத இரவும் குளிர்தான். சின்ன உடம்பு பெரிய உடம்பைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். உடல் குளிர்ந்துபோன பிறகு வெப்பக் கேமராவால் பயனே இல்லை.

'தேடியாச்சு' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இதற்குப் பின்னால் ஒரு கணிதம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கடலில் தேட, அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதப் பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கியது. காட்டில் மனிதரைத் தேடுவோரும் இன்று அதன் வழித்தோன்றலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

எளிமையாகப் பார்க்கலாம். இனி வரும் எண்கள் வெறும் உதாரணம்தான், எந்த வழக்கினுடையதும் அல்ல. குழந்தை தேடல் எல்லைக்குள் இருக்க 80 சதவீதம் வாய்ப்பு, வெளியே இருக்க 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருந்தால் தேடுபவர் கண்ணில் படுவதற்கு 75 சதவீதம் வாய்ப்பு. இதே சம்பவம் 100 முறை நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 80 முறை குழந்தை உள்ளே இருக்கும். அதில் 60 முறை கண்டுபிடித்துவிடுவார்கள், 20 முறை பக்கத்திலேயே நடந்தும் கோட்டை விடுவார்கள். மீதி 20 முறை குழந்தை வெளியே இருக்கும். ஆக, 'தேடியும் கிடைக்கவில்லை' என்று முடியும் 40 முறைகளில் பாதி உள்ளே, பாதி வெளியே.

தேடலுக்கு முன் 80-க்கு 20 என்று இருந்தது, தேடலுக்குப் பின் சரிபாதி ஆகிவிட்டது. புதிதாக ஒரு துப்பும் கிடைக்கவில்லை, யாரும் வாக்குமூலம் தரவில்லை. கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் 'வேறெங்கோ இருக்கலாம்' என்ற பக்கம் கனம் கூடுகிறது. ஆனால் 'இங்கேயே இருக்கலாம்' என்பது பூஜ்யமாகிவிடவும் இல்லை. இரண்டாவது முறை தேடினால் இன்னும் குறையும். அப்போதும் பூஜ்யமாகாது.

இது காகிதக் கணக்கு இல்லை. 2021-ல் ஆஸ்திரேலியாவில் சில வாரங்கள் இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

செப்டம்பர் 3 அன்று, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில், தனித்திருந்த ஒரு பண்ணை வீட்டிலிருந்து 3 வயதுச் சிறுவன் காணாமல் போனான். ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத பிள்ளை. நூற்றுக்கணக்கானவர்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை. யாரோ கடத்தியிருக்கலாம் என்ற பேச்சு வலுத்தது. மூன்று இரவுகள் கழித்து, செப்டம்பர் 6 அன்று போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள், ஓடைத் தண்ணீரில் உட்கார்ந்திருந்த அவனைக் கண்டார்கள். வீட்டிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தூரம்தான். உடம்பில் சிராய்ப்புகள், மற்றபடி பிள்ளை நலம்.

அடுத்த மாதம், அக்டோபர் 16. மேற்கு ஆஸ்திரேலியாவில் கடலோர முகாம் ஒன்றில் குடும்பத்தோடு கூடாரத்தில் தூங்கிய 4 வயதுச் சிறுமியைக் காலையில் காணவில்லை. இங்கேயும் நிலம், கடல், வானம் என்று பெரிய தேடல் நடந்தது. ஆனால் போலீஸ் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. கூடாரத்தின் ஜிப் திறந்திருந்த உயரம் அந்தக் குழந்தையின் கைக்கு எட்டாதது. சில நாள்களிலேயே பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. காட்டைத் தேடும் வேலை, ஆளைத் தேடும் வேலையாக மாறியது. 18-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பிறகு, அவளுடைய சொந்த ஊரான கார்னார்வனிலேயே பூட்டிய வீடு ஒன்றின் கதவை உடைத்து அவளை உயிரோடு மீட்டார்கள்.

ஒன்றில், எல்லாரும் தேடிய இடத்துக்குள்ளேயே பிள்ளை இருந்தான். இன்னொன்றில், எவ்வளவு தேடினாலும் கிடைத்திருக்காத இடத்தில் பிள்ளை இருந்தாள். முதல் நாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

அப்படியானால் எச்சரிக்கை?

நோவா ஸ்கோஷியா வழக்கில் அதிகம் விமர்சிக்கப்பட்டது, 'ஆம்பர் அலர்ட்' அனுப்பப்படாதது. 1996-ல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் கடத்திக் கொல்லப்பட்ட 9 வயதுச் சிறுமியின் பெயரால் தொடங்கிய முறை இது. எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அலறும். ஆனால் இதை அனுப்ப, குழந்தை கடத்தப்பட்டதாக நம்பக் காரணம் இருக்க வேண்டும். அப்படி எந்த ஆதாரமும் இல்லை என்றது ஆர்.சி.எம்.பி. அதற்குப் பதிலாக, ஆபத்தில் இருக்கக்கூடிய நபர் காணவில்லை என்ற வேறு வகை எச்சரிக்கையை அந்தக் கவுண்டிக்கும் அக்கம்பக்கத்துக்கும் அனுப்பியது.

விதிப்படி சரி. அந்த விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. தினமும் போன் அலறினால் மக்கள் அதை ஆஃப் செய்துவிடுவார்கள். ஆனால் மேலே பார்த்த கணக்கை இதோடு பொருத்திப் பாருங்கள். கடத்தலுக்கான ஆதாரம் வரும்வரை காத்திருப்பது என்றால், தேடல் தோற்ற பிறகு எழும் சந்தேகத்துக்காகக் காத்திருப்பது. அதற்குள் கார் எத்தனை கிலோமீட்டர் போயிருக்கும்? 4 வயதும் 6 வயதும் ஆன இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் காணவில்லை என்றால், சில மணி நேரத்தில் கிடைக்காதபட்சத்தில், கடத்தல் என்று சொல்லாமலேயே மாகாணம் முழுக்கத் தகவல் போகும்படி விதியைத் திருத்துவதில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. காட்டில் இறங்கும் குழு ஒரு பக்கம் வேலை செய்யட்டும். சாலைக் கேமரா, பக்கத்து வீட்டு சிசிடிவி, பெட்ரோல் பங்க் பதிவு ஆகியவற்றைச் சேகரிக்கும் குழு அதே நாளில் இன்னொரு பக்கம் இறங்கட்டும். பல வீட்டுக் கேமராக்களில் பழைய பதிவு சில நாள்களில் தானாக அழிந்துவிடும். இந்த வழக்கில் காவல்துறை பின்னர் 8,000-க்கும் மேற்பட்ட வீடியோ கோப்புகளைத் திரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், இணையத் துப்பறிவாளர்கள். "அம்மா அழுத விதம் சரியில்லை", "அவர் ஏன் அப்படிப் பேசினார்" என்று ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கும் வீடியோக்களுக்கு லட்சக்கணக்கில் வியூஸ். கார்னார்வன் வழக்கில், குற்றவாளியின் பெயரோடு பெயர் ஒத்துப்போனதால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் படத்தை ஒரு தொலைக்காட்சி நிறுவனமே வெளியிட்டது. அந்த மனிதர் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. முழுநேரச் செய்தியாளர்களுக்கே இந்த நிலை என்றால், போனும் சேனலும் மட்டும் வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நோவா ஸ்கோஷியா போலீஸுக்கு வந்த தகவல்கள் பல நூறு. ஒவ்வொன்றையும் ஒரு ஆள் போய்ச் சரிபார்த்துத்தான் ஒதுக்க முடியும். வதந்தியைச் சரிபார்க்கவும் உண்மையைச் சரிபார்க்கவும் ஆகும் நேரம் ஒன்றுதான்.

2025 இலையுதிர் காலத்தில் வந்த நாய்கள் அந்த வீட்டைச் சுற்றியுள்ள நிலம், முன்பு தடயம் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட இடங்கள், பாதைகள் என்று போய்ப் பார்த்தன. மனித எச்சம் எதுவும் இல்லை என்பதுதான் அவை சொன்ன பதில். கணக்குப்படி, 'வேறெங்கோ' என்ற பக்கம் இன்னும் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. 'இங்கேயே' என்ற பக்கம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, மறையவில்லை. விசாரணை அதிகாரிகளின் மேசையில் இரண்டு கோப்புகளுமே திறந்திருக்கின்றன.