பழைய மகிழுந்தும் மிச்சப் பணமும்

தனித்து வாழும் தாய் ஒருவர் மகிழுந்து வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் ஓர் அறிவுரையைத் தவறாமல் கூறுவார்கள். “பழைய காடி வேண்டாம், பட்டறைக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். கொஞ்சம் கூடப் போட்டுப் புதிதாக வாங்கிவிடு.” நல்ல எண்ணத்தில்தான் கூறுகிறார்கள். ஆனால், அந்தக் ‘கொஞ்சம்’ எங்கிருந்து வரும் என்று எவரும் கூறுவதில்லை.

என் கருத்து வேறு. ஒரே வருமானத்தில் பிள்ளைகளை வளர்ப்பவருக்கு, கடன் சுமையுடன் வரும் புதிய மகிழுந்தைவிட, நன்கு சோதித்து வாங்கிய பழைய சிறு மகிழுந்தே பாதுகாப்பானது. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. கையிலுள்ள பணம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடக் கூடாது. வண்டியின் விலைக்கு ஈடான முக்கியத்துவத்தை, வாங்கிய பிறகு மிஞ்சும் பணத்திற்கும் தர வேண்டும்.

இதை நான் நூல்களில் படித்துக் கூறவில்லை. கிள்ளானில் வசிக்கும் என் தங்கைக்கு மகிழுந்து தேடி அலைந்தபோது கற்றுக்கொண்டேன். அவள் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். மாதச் சம்பளம் 2,300 ரிங்கிட். மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இளையவளுக்கு நான்கு வயது. காலையில் மகளைப் பராமரிப்பாளர் வீட்டில் விட்டு, மகனைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஏழரை மணிக்குள் வேலையிடம் சேர வேண்டும். மூன்று இடங்களும் மூன்று திசைகளில் உள்ளன. இவற்றை இணைக்கும் பேருந்து எதுவும் இல்லை. அவள் மோட்டார் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. மழை வந்தால் மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கி நிற்பார்கள். மகிழுந்து ஓர் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், அந்த மேம்பாலத்தின் கீழ் நிற்பவர்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அவளிடம் 14,000 ரிங்கிட் சேமிப்பு இருந்தது. முதலில் நாங்கள் சென்ற விற்பனை நிலையத்தில், ஐந்து ஆண்டுகள் ஓடிய ஒரு மகிழுந்தைக் காட்டினார்கள். பார்ப்பதற்குப் புதியது போலவே பளபளத்தது. “மாதம் 378 ரிங்கிட்தான் அக்கா” என்றார் விற்பனையாளர். விலை எவ்வளவு என்று நாங்கள் மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் மாதத் தவணையையே பதிலாகக் கூறினார்.

பிறகு நாங்களே ஒரு தாளில் கணக்கிட்டோம். கடன் 30,000 ரிங்கிட், ஆண்டுக்கு நான்கு விழுக்காடு வட்டி, ஒன்பது ஆண்டுகள். வட்டி மட்டும் 10,800 ரிங்கிட். ஆக, திருப்பிச் செலுத்த வேண்டியது 40,800 ரிங்கிட். அதே கடனை ஏழு ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை 457 ரிங்கிட்டாக உயரும். ஆனால் வட்டி 8,400 ரிங்கிட்டுடன் நின்றுவிடும். மாதத்திற்கு 79 ரிங்கிட் குறைவாகத் தெரிவதற்காக 2,400 ரிங்கிட் கூடுதலாகச் செலுத்துகிறோம். மேலும், கடன் தீரும் நாளில் அந்த மகிழுந்துக்குப் பதினான்கு வயதாகியிருக்கும். பழைய மகிழுந்து வேண்டாம் என்று ஒதுக்கியவர், கடைசியில் பழைய மகிழுந்துக்குத்தான் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

378 ரிங்கிட் என்பது என் தங்கையின் சம்பளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை போனாலும் மற்றவர் ஒரு மாதம் சமாளிப்பார். இவள் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. நம் நாட்டில் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினாலே, முறையான அறிவிப்புக்குப் பின் மகிழுந்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நடவடிக்கை தொடங்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு சில வாரங்கள் ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால் என்ன ஆகும்? மகிழுந்து தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிட்டுப் போகும்.

“சரி, பழைய வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் வாங்குமுன் சோதிப்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உரிமை மாற்றத்திற்குமுன் புஸ்பகோம் போன்ற நிலையத்தில் வண்டி பரிசோதிக்கப்படும். அதுவே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். பொறி எண், அடிச்சட்ட எண் ஆகியவை பதிவுடன் ஒத்துப்போகின்றனவா என்பது போன்றவற்றை அங்குச் சரிபார்ப்பார்கள். பொறி இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை அந்தச் சான்றிதழ் கூறாது. அதைக் கூறக்கூடியவர், விற்பவருக்குச் சார்பில்லாத ஒரு பட்டறைக்காரர். அவருக்குக் கொடுக்கும் நூறு, நூற்றைம்பது ரிங்கிட்டைப் போல் பயனுள்ள செலவு வேறில்லை.

எங்களுக்கு உதவிய பட்டறைக்காரர் அதிகம் பேசாதவர். வண்டியைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். மழை நின்றவுடன் பார்க்கக் கூடாது. ஈரம் சாயத்தின் குறைகளை மறைத்துவிடும். வருமுன் பொறியை முடுக்கி வைக்கக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லச் சொன்னார். குளிர்ந்த பொறியை முடுக்கும்போதுதான் அதன் உண்மையான நிலை தெரியுமாம். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் குழைவாக இருந்தால் எண்ணெயோடு நீர் கலந்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அன்று மாலையே நான் என் சொந்த மகிழுந்தின் டயர்களைக் குனிந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவதாகப் பார்த்த மகிழுந்து எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. விலையும் குறைவு, உள்ளே நறுமணம் வீசியது. பட்டறைக்காரர் இருக்கை வாரை இறுதிவரை இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்பு நிறக் கறை ஒரு கோடாகப் படிந்திருந்தது. இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு. மாற்றுச் சக்கரத்தின் அடியில் உலர்ந்த சேறு. “தங்கச்சி, இது தண்ணி குடிச்ச காடி” என்றார். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் எத்தனையோ மகிழுந்துகள் மூழ்கின. அவற்றையும் கழுவித் துடைத்து விற்பவர்கள் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் மின்கம்பிகள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்; எப்போது எது பழுதாகும் என்று எவராலும் கணிக்க முடியாது. “இன்னொருவர் முன்பணம் கட்ட வருகிறார், இன்றே முடிவு சொல்லுங்கள்” என்று அந்த விற்பனையாளர் அவசரப்படுத்தியதன் காரணம் அப்போது விளங்கியது.

எந்த மகிழுந்தை வாங்குவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. தெருவுக்குத் தெரு ஓடுகின்ற வண்டியையே வாங்க வேண்டும். 1985இல் வந்த புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில், 2005இல் வந்த மைவி ஆகியவற்றையும் அவற்றின் வழிவந்தவற்றையும் பழுதுபார்க்கத் தெரியாத பட்டறை நம் நாட்டில் இல்லை. உதிரிப்பாகம் சிற்றூரிலும் கிடைக்கும். பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு வெளிநாட்டுச் சொகுசு மகிழுந்தும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால், அதற்கு ஒரு விளக்கு மாற்றும் செலவில் நம் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவே அடங்கிவிடலாம். சாலை வரியையும் மறந்துவிடக் கூடாது. தீபகற்ப மலேசியாவில் 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் மகிழுந்துக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். காப்புறுதியில் மட்டும் முதல் முறை வாங்குபவருக்குச் சற்று அடி விழும். இழப்பீடு கோராதவருக்கான கழிவு 55 விழுக்காடுவரை உயரும் என்றாலும், அது வண்டியோடு வருவதன்று. உரிமையாளர் ஆண்டுதோறும் சேர்ப்பது.

என் நிலைப்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மலிவான பழைய மகிழுந்துகள் சிலவற்றில் காற்றுப்பைகள் இல்லை. பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கு இது சிறிய குறை அன்று. ஆகவே, தேடும்போதே காற்றுப்பை உள்ளதா என்று கேட்க வேண்டும். அதற்காக ஓராயிரம் கூடுதலாகக் கொடுப்பதிலும் தவறில்லை. பின்னிருக்கை வார்கள் உறுதியாகப் பூட்டுகின்றனவா, பிள்ளைக்கான தனி இருக்கையை அங்குப் பொருத்த முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு முதல் சிறு பிள்ளைகளுக்கு அத்தகைய இருக்கை கட்டாயம். ஆயினும், என் தங்கை பழைய மகிழுந்தையும் புதிய மகிழுந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் இல்லை. பழைய மகிழுந்தையும் இரண்டு பிள்ளைகளுடன் செல்லும் மோட்டார் சைக்கிளையும்தான் அவள் ஒப்பிட வேண்டியிருந்தது.

ஊர்ப் பேச்சு பற்றியும் ஒன்று கூற வேண்டும். தீபாவளிக்கு உறவினர் வீட்டு வாசலில் நிறுத்தும்போது, அந்த வண்டி எந்த ஆண்டுடையது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பவர் எவரும் தவணை கட்ட வரப்போவதில்லை. பிள்ளைகளின் முகம் வாடுவதுதான் தாயைக் கடனுக்குள் தள்ளும். பள்ளி வாசலுக்குச் சற்றுத் தள்ளியே இறக்கிவிடும்படி தாயிடம் கேட்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் தங்கை மகன் முதல் வாரம் அப்படித்தான் கேட்டான்.

நான்காவதாகப் பார்த்த வண்டியை அவள் 9,500 ரிங்கிட்டுக்கு வாங்கினாள். உரிமை மாற்றம், காப்புறுதி, சாலை வரி எல்லாம் சேர்ந்து 800 ரிங்கிட்டை எட்டின. டயர்கள், மின்கலம், நிறுத்தக் கட்டைகள் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே மாற்றியதில் 1,400 ரிங்கிட் செலவானது. மீதமிருந்த 2,300 ரிங்கிட்டை வேறொரு கணக்கில் போட்டு, அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். தவணை கட்டாததால் மாதந்தோறும் 100 ரிங்கிட்டை அதில் சேர்க்கவும் முடிந்தது.

ஐந்தாம் மாதம், வேலை முடிந்து வரும் வழியில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நீர்க்கலம் ஒழுகியிருந்தது. ஓரமாக நிறுத்தி எனக்கு அழைத்தாள். குரலில் பதற்றம் இல்லை. “அக்கா, பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன்” என்றாள். பழுதுபார்த்ததற்கு 420 ரிங்கிட் ஆனது. அந்தத் தனிக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினாள். மறுநாள் மாலை வண்டி வீடு திரும்பியது.