போக வரச் சீட்டு



பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவர்களின் மக்கள் நாம். மாட்டுங்காவிலும், கரோல்பாகிலும், கரக்பூர் ரயில்வே குடியிருப்புகளிலும் நம் பெரியவர்கள் வந்து இறங்கியபோது, “இரண்டு வருஷம் இருந்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவோம்” என்றுதான் ஊரில் சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டு வருஷம் இருபது வருஷமாயிற்று; பிறகு பேரன் பேத்திகளும் இங்கேயே பிறந்தார்கள். திரும்பிப் போ என்று அவர்களிடம் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. ஒரே தேசம், விரும்பியபோது ரயிலேறலாம், விரும்பும்வரை தங்கலாம்.

இப்பொழுது நம் வீட்டு வாலிபர்களும் யுவதிகளும் கடல் கடந்து செல்ல வேறொரு வழியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அதில் திரும்பும் தேதி முதலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ‘வேலையும் விடுமுறையும்’ என்னும் விஸா அது. இதைப் பற்றிச் சங்க அன்பர்கள் சிலர் கேட்டதனால், நான் படித்தறிந்தவற்றை இம்மாதம் இப்பகுதியில் எழுதுகிறேன். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்த ரயில்வே குமாஸ்தா. ஆனால் சீட்டு, கட்டணம், காத்திருப்போர் பட்டியல், தரகர் ஆகிய நான்கைப் பற்றியும் எனக்குச் சிறிது தெரியும். இந்த விஷயத்திலும் அந்த நான்கும் இருக்கின்றன.

முதலில் இதன் வரலாறு. ஒரு நாட்டு இளைஞர் மற்றொரு நாட்டில் சில காலம் தங்கி, ஊர் சுற்றிப் பார்த்து, செலவுக்கு வேண்டியதை அங்கேயே உழைத்துச் சம்பாதித்துக்கொண்டு திரும்பிவர வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து. ஆஸ்திரேலியா இதனை 1975ஆம் ஆண்டில் பிரிட்டன், கானடா, அயர்லாந்து ஆகிய நாடுகளுடன் தொடங்கியது. 1980இல் ஜப்பான் சேர்ந்தது. நம் நாட்டுக்கு இவ்வாசல் திறக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2022 ஏப்ரல் 2ஆம் தேதி இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் வர்த்தக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அவ்வாண்டு டிசம்பர் 29 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக ஆண்டுக்கு 1,000 இந்தியர்களுக்கு இந்த விஸா என்று முடிவாகி, 2024 அக்டோபரில் முதல் பதிவு நடந்தது.

வயது 18க்குக் குறையாமலும் 30க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பள்ளிப் படிப்புக்கு மேலும் கல்வி வேண்டும். ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல இயலாது. பெயரைப் பதிவு செய்ய 25 ஆஸ்திரேலிய டாலர். பெயர் வராவிடினும் அது திரும்பக் கிடைக்காது. பெயர் வந்தவர்கள் பின்னர் விஸாவுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். முதல் பதிவு நடந்த 2024இல் அதற்கான கட்டணம் 650 டாலர். ஆரம்பச் செலவுக்குச் சுமார் 5,000 டாலரும், அதற்கு மேல் திரும்பி வரும் பிரயாணத்துக்கான பணமும் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். நம் கணக்கில் அது இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை.

பிரிட்டனும் இது போன்ற ஒரு வழியை வைத்திருக்கிறது. 2021 மே மாதத்தில் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பட்டம் பெற்ற 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர் அங்கு 24 மாதங்கள் தங்கி வேலை செய்யலாம். அந்நாட்டு இளைஞர்களும் இங்கு வரலாம். ஆண்டுக்கு 3,000 இடங்கள். முதல் குலுக்கல் 2023 பிப்ரவரி இறுதியில் தொடங்கியது. 2,530 பவுண்டு சேமிப்பு வேண்டும். அது தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். விஸாக் கட்டணத்தைத் தவிர, வைத்திய வசதிக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் இரண்டாண்டுகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 2024இல் விதித்தார்கள். குலுக்கலில் பெயர் கொடுப்பதற்கு மட்டும் காசு இல்லை. ஆகையால் அந்தக் குலுக்கலுக்கு அரசாங்கக் கட்டணம் என்று சொல்லி எவரேனும் பணம் கேட்டால், அவர் சொல்வது பொய்.

குலுக்கல் என்ற சொல்லை அன்பர்கள் நன்கு கவனிக்க வேண்டும். எங்கள் ரயில்வேயில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. அதில் ஒருவருக்கு எண் 12 என்றால், முன்னால் இருப்பவர்கள் விலக விலக, 12 என்பது 11 ஆகும், 5 ஆகும், ஒரு வேளை படுக்கையும் கிடைக்கும். முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது அதன் நியாயம். குலுக்கலில் இந்த நியாயம் இல்லை. முதல் நாள் பதிந்தவரும் கடைசி நாள் பதிந்தவரும் ஒன்றே. முதல் வகுப்பில் தேறியவரும் மூன்றாம் வகுப்பில் தேறியவரும் ஒன்றே. சென்ற ஆண்டு பெயர் வராதவருக்கு இந்த ஆண்டு எந்தச் சலுகையும் இல்லை. மறுபடியும் பணம் கட்டிப் புதிதாகப் பதிய வேண்டும். 2024இல் பதிவு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே சுமார் 40,000 இந்தியர்கள் பெயர் கொடுத்துவிட்டதாக ஆஸ்திரேலிய அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள். இடங்களோ 1,000. நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட நிச்சயமில்லை என்று பொருள்.

இந்த நாற்பதுக்கு ஒன்று என்னும் கணக்கில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

எங்கள் அலுவலகத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்தவர். அவருடைய மகள் பி.காம். தேறி, ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் என்னிடம் வந்து, “தம்பி, ஒருத்தர் எண்பதாயிரம் கேட்கிறார். குலுக்கலிலே பெயர் வர வைப்பாராம். வராவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். இதிலே நமக்கு என்ன நஷ்டம்? வீட்டிலே அவள் அம்மாவின் வளையல் இருக்கிறது, அதை அடகு வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார்.

“அண்ணாச்சி, அவர் எத்தனை பேரிடம் இப்படி வாங்கியிருப்பார்?” என்று கேட்டேன்.

“இருபது முப்பது பேர் இருப்பார்கள் என்று சொன்னார். அதனால்தானே நம்பிக்கை வருகிறது?”

நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது பேரிடம் எண்பதாயிரம் வாங்கினால் முப்பத்திரண்டு லட்சம். பதிவு செய்வதைத் தவிர அவர் வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாற்பதில் ஒருவருக்குத் தானாகவே பெயர் வரக்கூடும். அந்த ஒருவரின் எண்பதாயிரம் அவருக்கு லாபம். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் நேர்மையாகவே திருப்பிக் கொடுத்தாலும், அதுவரையில் அந்தப் பெருந்தொகை அவருடைய பெட்டியில் இருக்கும். பெயர் வந்தவரோ, “அந்த மனிதர்தான் வாங்கிக் கொடுத்தார்” என்று ஊரெல்லாம் சொல்லி அடுத்த ஆண்டுக்கு ஆள் சேர்த்துவிடுவார். பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ஆளே மறைந்துவிட்டால் என்னவாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பயணச்சீட்டுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பவனுக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. ரயில் சீட்டைத் திருட்டுத்தனமாக விற்கும் தரகரைத் தண்டிக்க 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 143ஆம் பிரிவு இருக்கிறது. அப்படியிருந்தும் அவர்கள் தொழில் நடக்கிறது. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் கேட்கவா வேண்டும்?

அண்ணாச்சி வளையலை அடகு வைக்கவில்லை. மகளே தன் சம்பளத்திலிருந்து 25 டாலரைச் செலுத்திப் பதிவு செய்துகொண்டாள். பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் வைத்துக்கொண்டு தானே எழுதிவிடக்கூடிய சிறு படிவம் அது. பெயர் வரவில்லை. அவள் இழந்தது ஒரு தீபாவளிப் புடவையின் விலையைவிடக் குறைவு. “அடுத்த வருஷமும் போட்டுப் பார்க்கிறேன், மாமா” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு மிஞ்சியதே, அதற்குக் காரணம் வளையல் வீட்டிலிருந்ததுதான்.

இனி, பெயர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போகிற இடத்தில் என்ன வேலை? இங்கேதான் பெற்றோர்களுக்குப் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. “பையன் ஆஸ்திரேலியாவில் உத்தியோகம் பார்க்கிறான்” என்று கல்யாணப் பேச்சில் சொல்லும்படியான ஏற்பாடு இதுவன்று. பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்ய அநுமதி இல்லை. நான்கு மாதங்களுக்கு மேல் படிக்கவும் கூடாது. ஆகையால் பழத்தோட்டத்தில் பழம் பறிப்பது, உணவு விடுதியில் பாத்திரம் கழுவுவது, பரிமாறுவது ஆகியவையே பெரும்பாலும் கிடைக்கும். இரண்டாம் ஆண்டும் தங்க விரும்பினால், குறிப்பிட்ட தூரப் பிரதேசங்களில், குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம் உழைத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு மேலும் ஆறு மாதம். 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உடையவர்களுக்கு இந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். நமக்கு நீக்கவில்லை.

உழைப்பில் இழிவில்லை. நம் பாட்டனார்கள் இந்நகரங்களில் செய்யாத வேலையா? ஆனால் உழைப்புக்குரிய கூலி கைக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். தோட்டங்களில் கூடைக் கணக்கில் கூலி பேசினாலும், அது மணிக் கூலிக்குக் குறையக் கூடாது என்று 2022 ஏப்ரல் இறுதியில் விதி வந்தது. எந்த விஸாவில் வந்தவராயினும் இச்சட்டம் அவருக்கும் உரியது. கூலி குறைந்தால் ‘ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன்’ என்னும் அரசாங்க அலுவலகத்தில் முறையிடலாம். தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல அங்கே தொலைபேசித் துபாஷிகளும் உண்டு. புறப்படுவதற்கு முன் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய செய்தி இது.

மற்றொன்று. நம்முடைய வருங்கால வைப்பு நிதியைப் போல அங்கும் முதலாளி ஒரு தொகையைக் கட்டுகிறார். 2025 ஜூலை முதல் அது கூலியில் நூற்றுக்கு 12. நாடு திரும்பிய பின் அதை விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் இவ்வகை விஸாக்காரர்களிடம் அதில் நூற்றுக்கு 65 வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நூறு டாலர் சேர்ந்திருந்தால் கைக்கு வருவது முப்பத்தைந்து. இதைத் தெரிந்துகொண்டு திட்டமிடுபவன் ஏமாறமாட்டான்.

தங்குமிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சில்டர்ஸ் என்னும் சிற்றூரில், இவ்வாறு ஊர் சுற்றிப் பார்க்க வந்த இளைஞர்கள் பலர் தங்கியிருந்த விடுதிக்கு ஒருவன் தீ வைத்தான். 15 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அம்மாநிலம் மலிவு விடுதிகளுக்கான தீத்தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது. இதைச் சொல்லி எவரையும் நான் பயமுறுத்தவில்லை. வாடகை மலிவாக இருக்கிறது என்று மட்டும் பாராமல், வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள் என்கிறேன்.

“பெண்ணைத் தனியே அனுப்பலாமா?” என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். பையனுக்குச் சொல்லும் எச்சரிக்கைகள் யாவும் பெண்ணுக்கும் பொருந்தும். அவற்றை அறிந்த பெண், அறியாத பையனைவிடப் பத்திரமாக இருப்பாள். பாஷை தெரியாத ஊரில், கைக்குழந்தையுடன் வந்து இறங்கி, ஹிந்தியோ வங்காளியோ மராத்தியோ கற்றுக்கொண்டு குடும்பம் நடத்திய பாட்டிமார்களின் பேத்திகள் இவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முடிவாக நான் சொல்ல விரும்புவது இதுவே. இந்த விஸா ஒரு போக வரச் சீட்டு. அதை அந்தக் கணக்கிலேயே வாங்க வேண்டும். ஒரு வழிச் சீட்டு என்று எண்ணி நகையை அடகு வைத்தால், குடியேறிவிடலாம் என்று நம்பி இங்குள்ள நல்ல வேலையை அலட்சியமாக உதறினால், திரும்பும் தேதி வரும்போது பிள்ளையால் திரும்ப முடியாது. கடன் அவனைத் தடுக்கும். அநுமதிக் காலத்தைக் கடந்து ஒளிந்து தங்கியவர்கள், பிறகு மூன்றாண்டுகள் வரை ஆஸ்திரேலியாவுக்குத் தற்காலிக விஸாவில்கூடச் செல்ல முடியாதபடி விலக்கப்படலாம். போக வரச் சீட்டு என்றே எண்ணிப் போனவனோ, ஓர் ஆண்டு உழைத்து, உலகம் பார்த்து, கடனின்றித் திரும்பி வருவான். பிறர் தட்டைக் கழுவிய கை, வீட்டு வேலைக்காரியிடம் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டு வரும். அது சிறிய லாபம் அன்று.

ஆதலால், பிள்ளை தானே சேர்த்த பணத்தில் போக முடியுமானால், மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். முடியாவிட்டால், முப்பது வயது வரை காலம் இருக்கிறது, சேர்க்கச் சொல்லுங்கள். கட்டணங்களும் தேதிகளும் மாறக்கூடியவை. அந்தந்த அரசாங்கத்தின் இணையதளத்தைத் தவிர வேறு எவர் சொல்வதையும் நம்பிப் பணம் செலுத்த வேண்டாம். படிவத்தை எழுதத் துணை வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க வாசகசாலைக்கு வரலாம். நான் அங்கிருப்பேன். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.