போதும்னு சொன்னா கரண்டியை நிறுத்துங்க

கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமாவும் இருக்கும். பொறுத்துக்கிட்டுப் படிங்க.

போன ஞாயிறு அன்னதான வரிசையில 68 வயசுப் பெரியவர் ஒருத்தர் கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி, அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணில கரைச்சுக் கொடுத்தோம். கால் மணி நேரத்துல தெளிஞ்சார். விசாரிச்சா, காலையில சர்க்கரை மாத்திரை போட்டவர் ஒண்ணுமே சாப்பிடலை.

"கோவில்ல வேண்டாம்னாலும் விட மாட்டீங்க தம்பி, அதான் காலைச் சாப்பாட்டை மிச்சம் பிடிச்சேன்"ன்னார்.

அவருக்கு ஒரு நாளைக்கு 1,400 கலோரிதான்னு டாக்டர் கணக்கு கொடுத்திருக்கார். சின்ன நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு, கோப்பிகூட சீனி இல்லாம குடிக்கிற மனுஷன். அதுக்கு முந்தின ஞாயிறு, "சாமி பிரசாதம், ஒண்ணும் பண்ணாது அங்கிள்"னு சொல்லி அவருக்கு ரெண்டாவது தடவை சர்க்கரைப் பொங்கல் வச்சது வேற யாருமில்ல, நாங்கதான்.

ஒண்ணும் பண்ணாதா? தொழிற்சாலையில தினமும் எண்ணிக்கை பார்க்கிற ஆளுங்க நாங்க, அதனால எங்க அண்டாவையே கணக்குப் போட்டோம். அரிசி 1 கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் 2 கிலோ, நெய் அரைக் கிலோ. முந்திரி, திராட்சையைச் சேர்க்காமலே சுமார் 16,500 கலோரி. 60 கப்புன்னு பிரிச்சா ஒரு கப்புக்கு 275. ரெண்டு கப் வச்சா 550. அவரோட ஒரு நாள் கணக்குல மூணுல ஒரு பங்குக்கு மேல அங்கேயே போயிடுது. இதுக்கு அப்புறம்தான் சோறு, சாம்பார், வடை, பாயசம். வெல்லம் சீனி மாதிரி இல்லைன்னு சொல்ற அக்காமார்களுக்கு: கலோரியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இது ஒரு பெரியவர் கதை மட்டும் இல்லை. சிங்கப்பூர்ல நீரிழிவுக்கு எதிரான போர்னு 2016ல அறிவிச்சாங்க. 2017 தேசிய தினப் பேரணியில அப்போ பிரதமரா இருந்த லீ சியன் லூங் சொன்னது ஞாபகம் இருக்கா? 60 வயசைத் தாண்டின இந்தியர்கள்ல 10 பேருக்கு 6 பேர் நீரிழிவுக்காரங்க. நம்ம பந்தியில உட்கார்ற தாத்தா பாட்டிங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

பிரசாதத்தை மறுத்தா பாவம்னு சில பேர் சண்டைக்கு வர்றீங்க. ஒரு சிட்டிகை விபூதியில கிடைக்கிற அருள் ஒரு கப் நெய்யில அதிகமாவா கிடைக்குது? பொன் கொடு, பொருள் கொடு, வாங்குறவன் போதும்னு சொல்ல மாட்டான். சோத்துக்கு மட்டும்தான் வாய் திறந்து போதும்னு சொல்லுவான், அதனாலதான் அன்னதானம் பெருசுன்னு நம்ம பெரியவங்க சொல்லிக் கொடுத்தாங்க. அந்தப் போதும்ங்கிற வார்த்தையைச் சொல்லவிடாம கரண்டியை நீட்டினா அதுக்குத் தானம்னா பேரு? அது நம்ம பெருமைக்குப் போடுற சோறு.

பெரியவங்ககிட்டயும் ஒரு சண்டை இருக்கு. கலோரியைக் குறைக்கிறதுன்னா பட்டினி கிடக்கிறது இல்லைங்க. மாத்திரை போட்டுட்டு வயித்தைக் காயப்போட்டா சர்க்கரை சரசரன்னு இறங்கிடும், சில மாத்திரைக்கு ரொம்ப ஆபத்து. வயசான உடம்புல சதையும் சீக்கிரம் கரையும். சோறு, இனிப்பு, எண்ணெயில பொரிச்சதைக் குறைங்க. பருப்பு, சுண்டல், தயிரை விட்டுடாதீங்க. விரதம் இருக்கணும்னா முதல்ல டாக்டரைக் கேளுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

வர்ற ஞாயிறுலேர்ந்து எங்க குழு பரிமாறுற வரிசையில சின்னக் கரண்டிதான். பொங்கல் ஒரே ஒரு கரண்டி, சுண்டல் கேட்டா ரெண்டு தடவை. "எனக்குக் கணக்கு இருக்கு"ன்னு பெரியவங்க சொன்னா, யாரும் மறுபேச்சு பேசக்கூடாதுன்னு தொண்டர்கள்கிட்ட சொல்லியாச்சு. உபயதாரர்கள் ரெண்டு பேர் இப்பவே முகத்தைத் தூக்கிட்டாங்க. பரவாயில்லை, திட்டணும்னா கீழ கமெண்ட்ல திட்டுங்க. அப்படியே காலை 7 மணிக்குக் காய் நறுக்க நாலு பேர் குறையுது, திட்டிட்டு வந்து சேருங்க.