2 ஓம் சர்ட்டிபிகேட் ஆட்டைக் காப்பாற்றுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கயத்தாறு பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் கார்த்திகை மாதம் வீட்டுக்கு வந்தான். "சார், எங்க டவர் எல்லாத்துக்கும் எர்த் 2 ஓம்தான். சர்ட்டிபிகேட் இருக்கு" என்றான் பெருமையாக. "எப்பப்பா அளந்தீங்க?" என்றேன். "போன வாரம், மழை விட்டதும்." எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் அல்ல. ஓர் எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடும் வழக்கத்தின் மேல்.

வகுப்பில் படித்த ஓம் விதியை நினைத்துப் பாருங்கள். மின்னலில் 30,000 ஆம்பியர் என்பது சாதாரணம். 2 ஓமால் பெருக்கினால் 60,000 வோல்ட். 10 ஓம் என்றால் 3 லட்சம். இதில் எந்த எண் பாதுகாப்பு?

அந்த வோல்டேஜ் தரையில் எப்படிப் பரவுகிறது என்பதுதான் கேள்வி. டவரடியில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. அங்கே நிற்பவரின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உடம்புக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறது. ஆடு மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். நடுவில் இதயம் இருக்கிறது.

"டவருக்குக் கீழே யார் சார் நிற்கப் போறா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பொட்டலில் மழைக்கு ஒதுங்க வேறு என்ன இருக்கிறது? ஆடு மேய்ப்பவர் அங்கேதான் வருவார்.

ஐ.இ.சி. 62305 தரநூல், முடிந்தால் 10 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது. ஆனால் புதைக்கும் கம்பியின் வடிவமும் அளவும்தான் முக்கியம் என்றும் அதுவே சொல்கிறது. நம் ஆட்கள் ஒரு பாதியை மட்டும் படித்துவிட்டு, குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டுகிறார்கள். நாலு மழையில் உப்பு கரைந்து போகும். இருக்கிற வரை இரும்பை அரிக்கும்.

செய்ய வேண்டியது என்ன? அஸ்திவாரம் போடும் முன்பே நாலு கம்பி அடித்து மண்ணின் மின்தடையை அளக்க வேண்டும். கரிசலில் போட்ட அதே டிசைனைப் பாறை நிலத்தில் போடக் கூடாது. அஸ்திவாரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்திலாவது கம்பி வளையம் ஓட வேண்டும். அஸ்திவார முறுக்குக் கம்பிகளோடு அதைச் சேர்க்க வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு உள்ளே இருக்கும் கம்பியை யாரும் தொட முடியாது. டவருக்கு டவர் கேபிள் பள்ளம் வெட்டும்போதே வெறுங்கம்பி ஒன்றையும் போட்டு எல்லா எர்த்தையும் இணைக்க வேண்டும். செலவு என்பார்கள். ஓர் இறக்கையின் விலைக்குப் பக்கத்தில் இதெல்லாம் ஒரு செலவா?

இவ்வளவும் செய்தாலும் இடி நேரத்தில் டவரடியில் யாரும் நிற்கக் கூடாது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மேய்ப்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகளே, கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாதம் அளந்தது? வளையம் எங்கே? கம்பியோடு சேர்த்ததைக் கண்ணால் பார்த்தது யார்? பதில் இல்லையென்றால் பேனாவை மூடி வையுங்கள். சித்திரை வெயிலில் வறண்ட மண்ணை அளந்த பிறகு 2 ஓம் கதையை என்னிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்